உறவை நிலைநிறுத்துவோம்

(தசலக்ஷண பருவ நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

அருகப்பெருமான் திருவடிகளை வணங்குகிறேன். 

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 6 அன்று வந்த மகாவீரர் ஜெயந்தியை அவரவர் இல்லத்திலேயே கொண்டாடினோம். தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் அனைத்தையும் திறக்க இசைவளிக்கப்பட்ட செப்டம்பர் 1, அவ்வாண்டின் அனந்த சதுர்த்தசி. தசலக்ஷண பருவத்தின் நிறைவு நாள். 2021 கோடையில் கதவுகள் மறுபடியும் மூடப்பட்டுப் பின்னர் திறந்தன. ஜினாலயங்கள் திறந்துவிட்டன, முன்பு வந்தவர் அனைவரும் திரும்ப வந்துவிட்டனரா?

வராதவருள் தனியே பேருந்தேற அஞ்சும் முதியோர் உளர். பழக்கம் விட்டுப்போன இளையோர் உளர். அந்நாட்களில் உற்றாரை இழந்தவரும் உளர். சுற்றத்தார் கூடி அழவும் இயலாமல், நான்கைந்து பேரோடு ஈமக்கடன் முடித்த இல்லங்கள் அவை. தொலைபேசியில் ஒருமுறை விசாரித்தவர்கள், ‘காலம் கடந்துவிட்டதே, இனி எப்படிச் செல்வது?’ என்று தயங்கினர். இழந்தவர்களோ, ‘ஒருவரும் வரவில்லையே’ என்று ஒதுங்கினர். இருபாலும் பகையில்லை, ஆயினும் இடைவெளி வளர்ந்துவிட்டது.

‘உயிர் தனியே பிறக்கிறது, தனியே வினைப்பயனை நுகர்கிறது என்பதன்றோ ஏகத்துவ பாவனை? பிறகு கூட்டம் எதற்கு?’ என்று சிலர் வினவலாம். அப்பாவனை நம் பற்றைத் தளர்த்துவதற்கு உரியது. துயருற்றவரைத் தனியே விடுவதற்கு உரியதன்று. தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஒவ்வொரு திரவியத்தின் உபகாரத்தையும் கூறுகிறார். இயக்கத்திற்குத் துணையாவது தருமம், நிலைத்தலுக்குத் துணையாவது அதருமம், இடமளிப்பது ஆகாயம். உயிர்களுக்கு அவர் கூறும் உபகாரமோ ஒன்றுக்கொன்று துணை நிற்றல். முற்றத் துறந்த முனிவரும் சங்கத்தில் ஒருவரே. முனிவர், ஆர்யிகை, சிராவகர், சிராவகியர் என நால்வகையினரும் சேர்ந்ததே நம் சங்கம்.

நற்காட்சிக்கு உரிய எட்டு அங்கங்களுள் மூன்று இன்றைய நிலைக்கு நேரே வழிகாட்டுகின்றன.

முதலாவது, உபகூகனம், பிறர் குறையைப் பரப்பாமை. நெடுநாள் கழித்து வருபவரிடம், ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?’ என்று பலர் நடுவே கேட்பது, அவரை மறுபடியும் வாராமற் செய்யும். ‘வாருங்கள், அபிஷேகம் தொடங்கப்போகிறது’ என்று கூறி அருகில் அமர்த்திக்கொள்வதே போதும்.

இரண்டாவது, ஸ்திதிகரணம், தளர்ந்தவரை நிலைநிறுத்துதல். இதற்கு எடுத்துக்காட்டு சிரேணிக மன்னரின் மைந்தர் வாரிஷேண முனிவர். துறவு பூண்ட பின்னும் மனைவியையே நினைந்து வருந்திய நண்பரை அவர் கடிந்துரைக்கவில்லை, விலக்கவுமில்லை. அரண்மனைக்கு உடன் அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தையும் தேவியரையும் காணச் செய்தார். நண்பர் நாணி, நெறியில் நிலைபெற்றார். தளர்ந்தவரோடு உடன் நடந்தமையால் விளைந்த பயன் அது. நாமும் ‘விழாவுக்கு வாருங்கள்’ என்று அழைப்பிதழ் அனுப்புவதோடு நில்லாது, ‘காலையில் வந்து அழைத்துச் செல்கிறேன்’ என்று சொல்லி, அவ்வாறே செல்ல வேண்டும்.

மூன்றாவது, வாத்சல்யம், கன்றிடத்துப் பசு கொள்வது போன்ற கைம்மாறு கருதாத அன்பு. பசு, கன்று தன்னைத் தேடி வரட்டும் என்று காத்திருப்பதில்லை.

இப்பருவத்தை அடுத்து வருவது க்ஷமாவாணி. ஒரே மன்னிப்புச் செய்தியைக் கைபேசியில் நூறு பேருக்கு அனுப்புவது எளிது; யாரிடம் நம் கடமை நின்றுபோயிற்றோ, அவரை அச்செய்தி சென்று சேர்வதில்லை. ஆதலின், ஒவ்வொரு குடும்பமும் இவ்வாண்டு ஓர் இல்லத்தைத் தேர்ந்துகொள்க. ஞாயிறு மாலை ஒன்றில், இருட்டுமுன் சென்று அமருங்கள். இறந்தவர் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிக் கேளுங்கள். ‘அன்று வர இயலவில்லை, இன்று வந்துள்ளோம்’ என்று கூறுங்கள். ஆண்டுகள் கடந்தமையால் அச்சொல்லின் மதிப்புக் குறையாது. கேட்பாரின்றி உள்ளே அடங்கியிருந்த துயரம், அன்றுதான் வாய் திறக்கும்.

அடுத்த பருவத்தில் இம்மண்டபத்தில் உங்கள் அருகே அவர்களும் அமர்ந்திருந்தால், நம் சங்கம் கூடிற்று எனக் கொள்வோம்.

வாழ்க அறம்! ஜெய ஜினேந்திரா!