ரத்தத்தைக் கழுவுகிற கைக்கு என்ன கொடுத்தீர்கள்?

அம்பத்தூர் ஓ.டி.யில் தூறலிலும் கலையாமல் நிற்கிற தோழர்களே, தாய்மார்களே!

ஒரு வீட்டில் கொலை விழுகிறது. இன்னொரு வீட்டில் தனியாக இருந்த பெரியவர் செத்து நாலு நாள் கழித்து வாடை அடித்துத்தான் அக்கம்பக்கத்துக்குத் தெரிகிறது. போலீஸ் வருகிறது, போட்டோ எடுக்கிறது, பஞ்சாயத்தார் கையெழுத்து வாங்குகிறது. உடல் மார்ச்சுவரிக்குப் போகிறது. தரையை யார் கழுவுவது? சட்டத்தைப் புரட்டுங்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 194. காயம் எப்படி, எந்த ஆயுதத்தால் என்றெல்லாம் எழுதச் சொல்கிறது. கழுவுவது பற்றி ஒரு வரி கிடையாது!

வரி இல்லை, ஆள் மட்டும் உண்டு. "அந்தத் தெருவுல யாரையாவது கூட்டிட்டு வா" என்கிறார்களே, அது எந்தத் தெரு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையில் ஒரு குவார்ட்டரும் கொஞ்சம் காசும். குடிக்காமல் அந்த அறைக்குள் நுழைய முடியாது என்று கொடுக்கிறவருக்கே தெரிகிறதே, அப்புறம் அதை வேலை என்று ஒப்புக்கொள்ள என்ன தடை? ஆள் கிடைக்காத வீட்டில், செத்தவனைப் பெற்றவளே குந்தி உட்கார்ந்து கழுவுகிறாள்.

அன்னனூர், ஆவடி தண்டவாளத்தில் அடிபட்டவரை எடுக்கிறவரைப் பாருங்கள். "சீக்கிரம், அடுத்த வண்டி வரணும்" என்று விரட்டுகிறார்கள். ஜல்லிக்கல்லுக்குள் சிதறிக் கிடப்பதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறார். அன்று ராத்திரி அவர் எப்படிச் சோறு தின்பார் என்று கேட்க ஒரு டாக்டர் உண்டா?

இது விளக்குமாறும் வாளித் தண்ணீரும் போதும் என்கிற வேலை இல்லை. ரத்தத்தின் மேல் நேராக ப்ளீச்சிங் பவுடரைத் தூவினால் ரத்தமே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி அரைமணி விட வேண்டும். அவசரத்தில் அதோடு ஆசிட்டைக் கலந்தால், மூடிய அறையில் குளோரின் வாயு ஆளையே சாய்த்துவிடும். காய்ந்த ரத்தத்தில்கூட ஹெபடைடிஸ் பி கிருமி ஏழு நாள் உயிரோடு இருக்கும். இதையெல்லாம் நம் ஆட்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

2016 மருத்துவக் கழிவு விதி, ஆஸ்பத்திரியில் இந்தக் கழிவைத் தொடுகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்கிறது. அதே ரத்தம் வீட்டுத் தரையில் கிடந்தால் ஊசி இல்லை, கையுறை இல்லை, கொட்ட மஞ்சள் பை இல்லை! அமெரிக்காவில் 1991லேயே வந்த விதிப்படி இந்தத் தடுப்பூசி முதலாளியின் செலவு. கலிபோர்னியாவில் இந்த வேலைக்கென்றே பதிவு பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன.

கேட்டால் அதிகாரிகள் என்ன சொல்வார்கள்? அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம், ஆவடி 2019இல் வந்த தனி மாநகராட்சி, போலீஸோ 2022இல் வந்த ஆவடி கமிஷனரேட். ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். விடக் கூடாது. மூன்று இடத்திலும் ஒரே மனுவைக் கொடுப்போம்: பயிற்சி பெற்ற நிரந்தரக் குழு வேண்டும், எந்தச் சாதிக்காரரும் விண்ணப்பிக்கிற பதவியாக அது இருக்க வேண்டும், மூன்று தவணை ஊசியும் முழு உடையும் மனநல மருத்துவரும் அரசு செலவில் வேண்டும், செத்தவர் வீட்டாரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. கையெழுத்துத் தாள் மேடைக்கு இடப்பக்கம் இருக்கிறது. தண்டவாளத்தில் வேலை பார்த்த அண்ணன்மார்கள் முதலில் வாருங்கள்.