லடாக்குக்கு எந்த வழி?

விருதுநகரைத் தொட்டுப் போகும் 44-ஆம் எண் நாற்கரச் சாலையை விடாமல் பிடித்தால், கடைசியில் ஸ்ரீநகர். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து காரில் லடாக் போக நினைப்பவர்கள், போகும்போது ஸ்ரீநகர் வழி, திரும்பும்போது மணாலி வழி என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல், முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்காதீர்கள் என்கிறது மருத்துவம். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் 2,700, லே 3,500. கடைசி ஏற்றம் சற்று அதிகம்தான். லேயில் இரண்டு நாள் சும்மா கிடந்தால் உடம்பு பழகிவிடும். மணாலி வழியிலோ, 2,000 மீட்டரில் தூங்கியவர் மறுநாள் 4,200-ஐத் தாண்டிய சர்ச்சுவில் கூடாரத்தில் படுப்பார். தலைவலி, வாந்தி, தூக்கம் எங்கே வரும்?

2020-இல் அடல் சுரங்கப்பாதைதான் வந்துவிட்டதே என்பார்கள். அது ரோதாங் கணவாயை மட்டுமே தவிர்க்கிறது. 5,300 மீட்டர் உயர டாங்லாங் லா அப்படியே இருக்கிறது. வெயிலில் கரிமூட்டம் போட்ட உடம்புக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்றும் கேட்கலாம். மலை நோய் ஆளின் பலத்தைப் பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாக ஏறினார் என்பதைத்தான் பார்க்கிறது. இன்னொன்று: நம் குண்டாற்றில் மழை பெய்தால் வெள்ளம், அங்கே வெயிலடித்தால் வெள்ளம். பனி உருகி, மதியத்துக்கு மேல் ஓடைகள் பெருகிச் சாலையின் குறுக்கே பாயும். மணாலிக்குத் திரும்பும் நாட்களில் விடியற்காலையிலேயே வண்டியைக் கிளப்பிவிடுங்கள்.