கேட்க மட்டும்தானா நாதஸ்வரம்?



"நம் வீட்டுப் பிள்ளை கையில் கொடுக்க ஏற்றது புல்லாங்குழலா, நாதஸ்வரமா?" இதுதான் தலைப்பு. இதை இந்த ஊரில் வைத்தவர் விவரமானவர். ஏன்னா இது வழி பிரிகிற ஊர். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகிற கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் வழி சொல்கிறான். கொடும்பைக் குளத்துக்குப் போனால், அங்கே பாதை சிவபெருமான் சூலம் மாதிரி மூணாப் பிரியும் என்கிறான். அந்தக் கொடும்பைதான் நீங்கள் உட்கார்ந்திருக்கிற கொடும்பாளூர்! (கைதட்டல்) மூணு வழியில் எது என்று கோவலனுக்குக் கேள்வி. ரெண்டு வாத்தியத்தில் எது என்று நமக்குக் கேள்வி.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? குழல்தான் மூத்தது, ஆய்ச்சியர் குரவையில் இளங்கோவடிகள் கொன்றைக் குழல், ஆம்பல் குழல், முல்லைக் குழல் என்று வரிசையாகச் சொல்கிறார், நாதஸ்வரத்தைச் சொன்னாரா என்று கேட்டார். சொல்லலீங்க. குழல் மூத்ததுதான். ஆனா வீட்டில் மூத்தவர் என்பதற்காகத் தாத்தாவையா மணவறையில் உட்கார வைக்கிறோம்? (சிரிப்பு) வள்ளுவரும் குழலைச் சொன்னார் என்றார். எதுக்குச் சொன்னார்? பிள்ளையோட மழலையைக் கேட்காதவங்கதான் அதை இனிமைன்னு சொல்லுவாங்கன்னு சொல்றதுக்கு!

குழலை நான் குறைத்துப் பேச வரவில்லை. கும்பகோணத்து சரப சாஸ்திரி, 1872-ல் பிறந்தவர், கண் பார்வை இல்லாதவர். கச்சேரி மேடையில் குழலைத் தனி வாத்தியமாக உட்கார வைத்தவர் அவர்தான். 1904-ல் போய்விட்டார், வயசு முப்பத்திரண்டு. அவருக்குப் பிறகு பல்லடம் சஞ்சீவ ராவ், அப்புறம் மாலி. அந்த மூங்கிலுக்கு என் கும்பிடு. ஆனா கேள்வி, எது இனிமைன்னு இல்லையே. நம்ம பிள்ளைக்கு எதைக் கொடுக்கணும்? அங்கேதான் நாம ஒரு கள்ளத்தனம் பண்றோம்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது நாதஸ்வரம் வேணும். தாலி கட்டுற நேரத்தில் "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னு கையைத் தூக்கிக் கத்தறோம். எவனோ தும்மினால் காதில் விழக்கூடாது. நம்ம வீட்டு அபசகுனத்தை மறைக்க அவர் மூச்சு வேணும்! தாலி ஏறினதும், "சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க, சம்பந்தி பேசுறது கேக்கலை." (சிரிப்பு) காலையில் நாலரை மணியிலிருந்து வாசித்தவருக்குக் கடைசிப் பந்தி. அப்பளம் தீர்ந்திருக்கும், பாயசம் அடிப்பிடித்திருக்கும்.

ஒரு மண்டபத்தில் அப்படிக் கடைசிப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஒரு வித்வான். நாலு தலைமுறையா நாயனம் வாசிக்கிற குடும்பம். "பையன் வாசிக்கிறாரா?"ன்னு கேட்டேன். "கை நல்லா பேசும் சார். ஆனா பொண்ணு கொடுக்க மாட்டேங்கறாங்க. கம்ப்யூட்டர் படிக்க வச்சிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு மோர் ஊற்றச் சொன்னார். நடுவர் அவர்களே, பொண்ணு கொடுக்க மாட்டேன் என்று சொன்ன வீட்டிலும் அவர்தானே வாசிச்சிருப்பார்?

குழல் கத்துக்கொடுத்தால் கௌரவம், நாயனம் கத்துக்கொடுத்தால் "அவங்க தொழில்". இது சங்கீதம் பண்ணின வித்தியாசம் இல்லீங்க, சாதி பண்ணின வித்தியாசம். நாயனக்காரர் தோளில் துண்டு போடக் கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. ஊர்வலத்தில் மைல் கணக்கில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) அதை உடைத்தார். கிராப்பு வெட்டிக்கொண்டார், சட்டை போட்டார், மேடை போட்டு உட்கார்ந்து வாசித்தார். அவர் தோடி ஆரம்பித்தால் கூட்டம் அசையாது என்று கேட்டவர்கள் சொல்லுவார்கள். குட்டையான திமிரி நாயனம் இருந்த இடத்தில் நீளமான பாரி நாயனத்தைக் கொண்டு வந்து பிரபலப்படுத்தினவரும் அவர்தான்.

அந்தப் பாரியைச் செய்துகொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. கும்பகோணம் பக்கத்து ஊர். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். புது மரம் உதவாது. பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கிற உத்தரமும் தூணும்தான் நல்ல மரம். எத்தனையோ வருஷம் ஒரு குடும்பத்தைத் தாங்கின மரம், அப்புறம் நாயனமாகி இன்னொரு குடும்பத்தைத் தாங்குது! (கைதட்டல்) வாயில் வைக்கிற சீவாளி நாணல் தட்டையில் செய்தது. நாயனத்தில் கொத்தாகத் தொங்குமே, அது மாற்றுச் சீவாளி. சாவிக்கொத்து என்று நினைத்த ஒரு மாப்பிள்ளையை எனக்குத் தெரியும். (சிரிப்பு) விரல் வைக்க ஏழு துளை. கமகத்துக்கு விரல் மட்டும் போதாது, உதட்டு அழுத்தமும் மூச்சும் சேர்ந்துதான் சுரத்தை வளைக்கும். அதனால் கற்றுக்கொள்ள வருஷக்கணக்காகும். கஷ்டம்தான். எதிரணித் தங்கச்சி சொன்னது சரி. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு என்ன சுலபமா? அதுக்கு மட்டும் விடியற்காலை எழுப்பறீங்களே!

"பொம்பளைப் பிள்ளை எப்படி வாசிக்கும்?" என்று கேட்டார்கள். ஸ்ரீரங்கம் இங்கேயிருந்து கூப்பிடு தூரம். ஆந்திராவிலிருந்து வந்து அங்கே குடியேறியவர் ஷேக் சின்ன மௌலானா. இஸ்லாமியர். நாதஸ்வரத்துக்காகவே வாழ்ந்தார், 1998-ல் சென்னை மியூசிக் அகாதமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. அவருடைய சிஷ்யர்கள் மெஹபூப் சுபானியும் அவர் மனைவி காலீஷாபியும். தம்பதியாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். 2020-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சுருதியில் இருக்க நாட்டில் ஒரே வழி நாதஸ்வரம்தான் போலிருக்கு! (பலத்த சிரிப்பு)

சினிமாவுக்கு வாங்க. "கொஞ்சும் சலங்கை"யில் காருகுறிச்சி அருணாசலம், 1962. ஜானகி அம்மா குரலா, நாயனமா என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா? "தில்லானா மோகனாம்பாள்", 1968. சிவாஜி கன்னத்தை நாம பார்த்தோம், மூச்சு மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களுடையது. அந்தப் படம் பார்த்து அழாத குடும்பம் உண்டா? அழுதுட்டு வெளியே வந்து பிள்ளையைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்தோம்!

இந்த ஊர் மூவர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பூதி விக்கிரமகேசரி கட்டினது. தன் பேரில் ஒன்று, கற்றளி, வரகுணை என்று ரெண்டு மனைவிமார் பேரில் ஆளுக்கு ஒன்று. ஒரே மாதிரி கட்டினார், விவரமான மனுஷன். (சிரிப்பு) மூன்றில் இப்போ ரெண்டுதான் நிக்குது. பூஜை கிடையாது, புறப்பாடு கிடையாது. சாயங்காலம் அங்கே நின்றேன். சிற்பம் அத்தனை அழகு. ஆனா ஒரு மல்லாரி கேட்காது. கம்பீர நாட்டையில் மல்லாரி கேட்டால்தான், வீட்டுக்குள் சமைக்கிற அம்மாவுக்கும் சுவாமி புறப்பட்டாச்சுன்னு தெரியும். கல்லு ஆயிரம் வருஷம் நிக்கும், தொல்லியல் துறை காப்பாத்தும். மூச்சை யார் காப்பாத்துவா? அடுத்த வீட்டுப் பிள்ளையா?

அபார்ட்மெண்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்றார்கள். வரட்டுமே, நாம யாருன்னு அப்பவாவது அவருக்குத் தெரியட்டும்!

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மூணு வருஷப் பாடம். எந்தச் சாதிப் பிள்ளையும் சேரலாம், பெண் பிள்ளையும் சேரலாம். கதவு திறந்துதான் இருக்கு.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லுமுன் ஒரே ஒரு கேள்வி. வர்ற ஜூன் மாசம் உங்க பேத்தியை எந்த வகுப்பில் சேர்க்கப் போறீங்க? அதையும் இந்த மைக்கிலேயே சொல்லிடுங்க.