ரத்தக்கண்ணீரும் என் கைத் தேமலும்



மனசுல நின்ன பழைய படம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ‘ரத்தக்கண்ணீர்’ பற்றிப் பேசுகிறேன். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகம் அது. எம்.ஆர். ராதா ஊர் ஊராக மேடையில் நடித்தார். 1954-ல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாக வந்தது. நான் அதைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். கல்யாண வீட்டு மைக்செட்டில் வசனம் முழுசையும் போடுவாங்க.

வெளிநாடு போய் வந்த மோகன், பெத்த தாயையும் கட்டின மனைவி சந்திராவையும் மதிக்காம, காந்தாவிடம் சொத்தை இழக்கிறான். குஷ்டம் வருகிறது. காந்தா துரத்திவிடுகிறாள். கடைசியில் தன் மனைவியை நண்பன் பாலுவுக்கே கட்டிவைக்கிறான். பெண்ணுக்கு மறுவாழ்வு உண்டுன்னு அன்னைக்கே சொன்ன படம். அதுக்காக இன்னைக்கும் கும்பிடுவேன்.

ஆனா ஒரு விஷயத்தில் அந்தப் படத்தோட எனக்குச் சண்டை உண்டு. செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை போல அந்த நோயைக் காட்டிட்டாங்க.

எனக்குப் பதிமூணு வயசுல இடது கையில் தேமல் மாதிரி ஒரு படை வந்தது. கிள்ளினா வலிக்காது. சுகாதார நிலையத்தில் குஷ்டம்னாங்க. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன், குணமாச்சு. ஆனா தெருப் பையன்கள் என்னைக் கண்டாலே ராதா குரலில் பேசுவாங்க. நான் என்ன பாவம் செஞ்சேன்? அன்னையிலிருந்து முழங்கை மறைச்ச ஜாக்கெட்தான் போட்டேன்.

போன வருஷம் எங்க குழுவில் ஒரு அக்கா மூணு மாசமா கூட்டத்துக்கு வரல. கடன் பாக்கின்னு நினைச்சு வீட்டுக்குப் போனேன். காலில் அதே படை. அழுதாங்க. நான் என் கையைத் திறந்து காட்டினேன். மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போ அவங்க முன்வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன்.

இது ஒரு கிருமியால் வரும் நோய். பரம்பரை இல்லை, பாவமும் இல்லை. உணர்ச்சி இல்லாத படை தெரிஞ்சா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. மருந்து இலவசம். ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம் சாப்பிடணும். தள்ளிப்போட்டாத்தான் கை கால் ஊனமாகும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்க.

இன்னைக்கு நான் கட்டைக் கை ஜாக்கெட்டில் வந்திருக்கேன். பாத்துக்குங்க.