ஃபெஸ் நகரத்துச் சில்லுச் சுவர்கள்

இன்று மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரத்துக்குப் போவோம். அதன் பழைய பகுதிக்குள் கார் நுழைய முடியாது. அவ்வளவு குறுகிய தெருக்கள். சரக்கு பெரும்பாலும் கழுதை முதுகில்தான் போகிறது. பின்னாலிருந்து "பாலக்! பாலக்!" என்று குரல் வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

பாப் பூ ஜெலூத் வாசல் வழியாக உள்ளே நுழைவோம். 1913-இல் கட்டிய இந்த வாசலுக்கு வெளிப்பக்கம் நீல ஓடுகள், ஊர்ப்பக்கம் பச்சை ஓடுகள். அங்கிருந்து தெரு சரிந்து இறங்கி, வாசனைப் பொருள் விற்கும் அத்தாரின் கடைத்தெருவில் சேர்கிறது. கடைகளுக்கு நடுவே ஒரு வெண்கலக் கதவு. அதுதான் அத்தாரின் மதரஸா. மரீனிய அரச மரபைச் சேர்ந்த மன்னர் அபூ சயீத் உஸ்மான் 1323-க்கும் 1325-க்கும் இடையில் கட்டியது. பக்கத்திலிருக்கும் கரவிய்யீன் பள்ளிவாசலில் படிக்க வந்த மாணவர்கள் இங்கே தங்கினார்கள். இதே ஊரில் பூ இனானியா மதரஸா இதைவிடப் பெரியது, புகழும் அதிகம். என்னைக் கேட்டால் அத்தாரின்தான் ஒரு படி மேல். முற்றம் சிறியது என்பதால் எங்கே நின்றாலும் சுவர் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தச் சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். ஆள் சாய்கிற, கை படுகிற உயரம் வரை ஓட்டுச் சில்லுகள். தேய்மானமும் ஈரமும் தாங்கும் பகுதி அது. அதற்கு மேலே, விரல் பட்டால் உதிரக்கூடிய நுண்ணிய சுதை வேலை. உச்சியில் செதுக்கிய தேவதாரு மரம். சில்லுக்கும் சுதைக்கும் நடுவே கறுப்பு எழுத்துகள் ஒரு பட்டையாக ஓடுகின்றன. அவை தூரிகையால் எழுதியவை அல்ல. கறுப்பு மெருகிட்ட ஓட்டில், எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்து மெருகைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சில்லு வேலைக்கு ஸெல்லிஜ் என்று பெயர். இங்கே வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம், தேன் நிறம், இவ்வளவுதான் வண்ணங்கள். ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் பிறக்கும். அதன் விளிம்புகளை நேராக நீட்டிக்கொண்டே போனால், அடுத்த நட்சத்திரத்தின் கோடுகளோடு குறுக்கிட்டுப் புதிய புதிய வடிவங்கள் வரும். ஒரு வெள்ளைக் கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மேலே ஏறி, இன்னொன்றின் அடியில் நுழைந்து, வேறொரு நட்சத்திரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். சுவரின் ஓரத்தில் நட்சத்திரம் பாதியில் நிற்கும். மறுபாதியை மனம் தானாக வரைந்துகொள்ளும்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க, நகரத்துக்கு வெளியே ஐன் நொக்பி பகுதிக்குப் போக வேண்டும். ஃபெஸ் மண்ணைப் பிசைந்து, சதுர ஓடுகளாக வெட்டிக் காயவைத்து, சூளையில் ஒருமுறை சுட்டு, மெருகிட்டு மறுபடியும் சுடுகிறார்கள். எண்ணெய் ஆட்டிய ஆலிவ் சக்கைதான் வழக்கமான விறகு. சுட்ட ஓட்டின் மேல் வேண்டிய வடிவத்தைக் கோட்டால் வரைந்து, தரையில் உட்கார்ந்தபடி கனத்த, கூரிய சுத்தியலால் ஒருவர் கொத்துகிறார். புளியங்கொட்டை அளவுச் சில்லுகூட அந்த முரட்டுச் சுத்தியலின் கீழ்தான் உருவாகிறது! பின்பக்கத்து விளிம்புகளைச் சரிவாகச் செதுக்கிவிடுகிறார்கள். அப்போதுதான் முன்பக்கம் இடைவெளி இல்லாமல் நெருங்கும், பின்னால் சாந்து இறங்கிப் பிடிக்கும்.

அடுத்து நடப்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது. சில்லுகளைத் தரையில் குப்புற அடுக்குகிறார்கள். வண்ணம் எல்லாம் அடியில். அடுக்குபவர் கண்ணுக்குத் தெரிவது வெறும் மண் நிறம். எந்த வடிவம் எந்த நிறம் என்பது மனப்பாடம். பிறகு முதுகில் சாந்து ஊற்றி, இறுகியதும் பலகை போலத் தூக்கிச் சுவரில் பொருத்துகிறார்கள். ஒரு நிறம் மாறியிருந்தாலும் அப்போதுதான் தெரியவரும்.

இந்தத் தொழிலின் மூத்த கைவினைஞரை அங்கே மரியாதையோடு 'மஅல்லம்' என்று அழைக்கிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 2011-இல் திறந்த மொராக்கோ முற்றத்தைக் கட்டியவர்களும் ஃபெஸ் கைவினைஞர்களே.

பயணிகளை வழக்கமாக மதரஸாவுக்கு முதலில் அழைத்துப்போய், பட்டறையைக் கடைசியில் காட்டுகிறார்கள். நீங்கள் போனால் மாற்றிச் செய்யுங்கள். காலையில் ஐன் நொக்பியில் அந்தச் சுத்தியல் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அதன் பிறகு அத்தாரினுக்கு நடந்து போங்கள்.