தேவாரத்துக் கண்மாய்களும் நகரத்தின் பசுமையும்



தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் தேவாரம். மலைக்கு அப்பால் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். இப்பால் கம்பம் பள்ளத்தாக்கோ மழைமறைவுப் பகுதி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைத் தேக்கி வைத்தால்தான் கோடையில் கிணறு ஊறும். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபின், மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. பின்னாளில் வெட்டப்பெற்ற 18-ஆம் கால்வாய் அந்நீரைத் தேவாரம், போடி பக்கத்துக் கண்மாய்களுக்குக் கொண்டு சேர்க்கிறது.

கண்மாய் என்பது பாசனத்திற்கு மட்டும் உரியது என்று எண்ணுதல் கூடாது. அது வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கிறது. நிலத்தடி நீரை உயர்த்துகிறது. வயலுக்கு வண்டலையும் ஆடுமாடுகளுக்குப் புல்லையும் பறவைகளுக்குப் புகலிடத்தையும் தருகிறது. கரையில் நிற்கும் மருதும் நாவலும் புங்கும் வெயிலைத் தாங்கி, இலைவழியே நீராவியை விட்டுக் காற்றைக் குளிர்விக்கின்றன. இவ்வாறு இயற்கை கூலியின்றிச் செய்யும் பணிகளை அறிஞர் சூழல்மண்டலச் சேவைகள் என்பர். ஐக்கிய நாடுகள் அவையின் முன்முயற்சியால் நடந்து 2005-இல் வெளிவந்த ஆயிரமாண்டுச் சூழல்மண்டல மதிப்பீடு இவற்றை வழங்குவன, ஒழுங்குபடுத்துவன, தாங்குவன, பண்பாட்டுக்குரியன என நால்வகையாகப் பிரித்தது. பெயர் புதிது, பொருள் நம் உழவர்க்குப் பழையது.

கண்மாய்கள் தனித்தனியே நிற்பவை அல்ல. மேல்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் நீர் ஓடைவழியே கீழ்க்கண்மாயை அடையும். இடையிலுள்ள ஓடை மனைகளாக மாறிவிட்டால் இரண்டு கேடுகள் ஒருங்கே நேர்கின்றன: கீழ்க்கண்மாய் வறண்டு கிடக்கிறது, மழைக்காலத்தில் தெருவில் நீர் புகுகிறது. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் காரணம் ஒன்றே என்பதை வரைபடத்தை விரித்துப் பார்ப்பவர் உடனே உணர்வர்.

இதைப் பேரளவில் கண்ட நகரம் சென்னை. தென்சென்னையின் மழைநீரை வாங்கிக் கடலுக்கு அனுப்பும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், குப்பைமேட்டுக்கும் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் பெரும்பகுதியை இழந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அதனைச் சூழ்ந்த குடியிருப்புகள் நீரில் மூழ்கின. 2022-இல் அதற்கு ராம்சர் தகுதி கிடைத்தது. இழந்த பரப்பை அத்தகுதி மீட்டுத் தரவில்லை.

ஆகவே, நகரத் திட்டமிடுதலில் பூங்காவை அழகுப்பொருளாகக் கருதும் வழக்கம் மாற வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலம் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும் என்பது தமிழக விதி. நல்ல விதிதான். ஆயினும், விற்பனைக்கு ஆகாத மூலையே பல இடங்களில் அவ்வொதுக்கீடாக அமைகிறது. அதே நிலத்தை ஓடைக்கரையை ஒட்டி ஒதுக்கினால், நீர் செல்லவும் மரம் வளரவும் முதியோர் நடக்கவும் அது பயன்படும். ஒதுக்கும் அளவு அதுவே, பயனோ பன்மடங்கு. பசுமைக் கட்டமைப்பு என்று இன்று பேசப்படுவதன் சாரம் இதுவே. புல்தரை விரித்து, நாளெல்லாம் நீர் பாய்ச்சி, வெளிநாட்டுச் செடிகளை வரிசையாக நடுவதற்கு அப்பெயர் பொருந்தாது.

தேவாரத்திற்கு அருகே உத்தமபாளையத்தில், 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அச்சணந்தியின் பெயர் அங்கே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்பாறையை ஒட்டி ஒரு சுனை உண்டு. துறவியர் இடம் தேர்ந்தபோது நீரையும் நோக்கினர் என்று கொள்வதில் தவறில்லை.

தேவாரம் போன்ற பேரூர்களில் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. கண்மாய்களின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மனை வாங்குவோர் பத்திரத்தோடு புலப்படத்தையும் கேட்டுப் பெறலாம். ஓடைப் புறம்போக்கு எங்கே செல்கிறது என்பது அதில் தெரியும். அடுத்த ஐப்பசி மழை அக்கோட்டின் வழியே வரும்.