சன்னலில்லா விடுதி



திண்டுக்கல்லிலிருந்து எரியோடு ஊருக்கு வரும் வழியெல்லாம், உச்சிவேளையில் குடித்த வெப்பத்தை இரவு முழுவதும் உள்ளேயே கக்கிக்கொண்டிருக்கும் தட்டைக் கூரை வீடுகளைப் பார்த்தபோதுதான், புதுச்சேரியிலுள்ள ஒரு கட்டடம் நினைவுக்கு வந்தது.

அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி அது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசிடமிருந்து வந்த நிதியே, அந்த நாட்டுக் கோல்கொண்டாவின் பெயர் இதற்கு வரக் காரணம். ஜப்பானில் தொழில் நடத்திய செக் தேசத்துக் கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் அதை வரைந்தார். நிர்மாணத்தை நேரில் நடத்த 1937-ல் வந்தவரோ, அவரது அலுவலகத்து இளைஞரான ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியரான இவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றிருந்தும், இங்கு வந்தபின் சம்பளம் வேண்டாமென்று விடுத்து, சாதகராகி, சுந்தரானந்தர் என்ற நாமமும் பெற்று, கொத்துவேலை அறியாத ஆசிரமவாசிகளோடு சேர்ந்து உழைத்தார்.

முழு அளவில் ஒரு மாதிரி அறையைக் கட்டிப் பார்த்த பிறகே வேலை தொடங்கிற்று. அறைகளுக்குச் சன்னல் கிடையாது. வடக்கு, தெற்குச் சுவர்களுக்குப் பதிலாக மேலும் கீழும் சாய்க்கத்தக்க தகடுகளின் வரிசை. அறைக்கும் நடைக்கும் நடுவே காற்றுப் புகும் தேக்குச் சட்டக் கதவுகள். கூரைமேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள். ஓட்டுக்கும் தளத்துக்கும் இடையே வெற்றிடம் விட்டிருப்பதால் வெப்பம் நேரே இறங்குவதில்லை. நம் ஓட்டு வீட்டுப் பரணை நான் நினைத்துக்கொள்கிறேன். கதவுகளின் பித்தளைச் சாமான்கள் பழைய பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தவை. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் ஜில்லாவில் வளர்ந்து இன்று பட்டம் பெறும் உங்களுக்கு அந்தப் பட்டறைச் சத்தத்தை நான் வர்ணிக்க வேண்டுவதில்லை.

1940-ல் அமெரிக்கா திரும்பிய நகாஷிமாவை, இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானிய வம்சத்தவர் என்பதற்காகவே மினிடோகா தடுப்பு முகாமில் குடும்பத்தோடு அடைத்தார்கள். அங்கே கைதியாயிருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மரபுத் தச்சு நுட்பங்களைக் கற்றார். 1943-ல் ரேமண்ட் பொறுப்பேற்று அவரைத் தம் பென்சில்வேனியப் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார். முதுகலைப் பட்டதாரிக்கு அங்கே கிடைத்த உத்தியோகம் கோழி வளர்ப்பு. மிஞ்சிய நேரத்தில் அவர் மரச்சாமான்கள் செய்தார்.